காப்புடன் கூடிய விரைவு: ஸெஸில் கிம்பர் வரலாறு

முன்னுரை

நம் நாட்டு நெடுஞ்சாலைகளிற் செல்லும் மோட்டார் வண்டிகள் சிலவற்றின் முகப்பிலே, எண்கோணச் சட்டத்துள் எம், ஜி என்னும் ஈரெழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருத்தலை அன்பர்கள் கண்டிருத்தல் கூடும். இந்நாளில் அப்பெயர் சீன தேசத்து நிறுவனமொன்றன் உடைமை. 2019-ஆம் ஆண்டு முதல் அப்பெயர் தாங்கிய வண்டிகள் இந்தியாவிலும் விற்கப்பெற்று வருகின்றன. ஆயின், அவ்வெழுத்துக்கள் முதன்முதல் ஒரு வண்டியின்மேல் ஏறியது ஏறக்குறைய நூறாண்டுகட்கு முன்னர், இங்கிலாந்து தேசத்து ஆக்ஸ்போர்டு நகரிலே. மாரிஸ் கராஜஸ் என்னும் ஒரு மோட்டார்க் கடையின் பெயரின் முதலெழுத்துக்களே அவை. அவற்றை உலகறியச் செய்தவர் ஸெஸில் கிம்பர் என்பார்.

புதுப்பொருளைப் படைப்போர் சிலர். உள்ள பொருளைச் செப்பஞ்செய்து உயர்த்துவோர் சிலர். கிம்பர் இரண்டாம் வகையினர். பொதுமக்கள் ஏறிச் சென்ற சாதாரண வண்டியொன்றை அவர் எடுத்துக்கொண்டார். அதனைத் தாழ்த்தினார், திருப்பினாற் திரும்பவும் நிறுத்தினால் நிற்கவும் பழக்கினார், அதன் பின்னரே அதற்கு விரைவு கூட்டினார். இப்பணியை அவர் ஒரு நாளில் முடித்தாரல்லர். ஆண்டுதோறும் ஒவ்வொரு குறையாகக் களைந்து சென்றார். இம்முறையில் வழுவாது நின்றபோது அவர் எய்திய வெற்றியும், விரைவு முந்திக்கொண்டபோது நேர்ந்த இடர்ப்பாடும், மாணவராகிய நாம் எண்ணிப் பார்த்தற்குரியன. ஆதலின் அவர்தம் வரலாற்றைச் சுருங்க உரைக்கப் புகுகின்றேன்.

பிறப்பும் இளமையும்

கிம்பர் 1888-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12-ஆம் நாள், இலண்டன் மாநகரின் ஒரு பகுதியாகிய டல்விச்சிற் பிறந்தார். தந்தையார் அச்சுத்தொழிலைச் சார்ந்த வாணிகம் நடத்தியவர். பின்னர்க் குடும்பம் வடக்கே மாஞ்செஸ்டர்ப் பக்கம் குடிபெயர்ந்தது. சிறுவர் ஸ்டாக்போர்ட் இலக்கணப் பள்ளியிற் கற்றுத் தேறித் தந்தையாரின் தொழிலிலேயே அமர்ந்தார். ஆயினும், அவர் உள்ளம் அக்காலத்திற் புதிதாய்த் தோன்றியிருந்த மோட்டார் சைக்கிள்களிலேயே தோய்ந்திருந்தது.

இருபது வயது கடந்த சிறிது காலத்தில் அவருக்குப் பெருந்துன்பமொன்று நேர்ந்தது. அவர் ஏறிச் சென்ற மோட்டார் சைக்கிள் எதிரே வந்த மோட்டார் வண்டியொன்றுடன் மோதிற்று. வலக்காலின் முழங்காலும் தொடையெலும்பும் நொறுங்கின. பன்முறை அறுவை செய்தும் எலும்பு கூடாமையின், காலையே களைந்துவிடுதல் நலமென மருத்துவர் கருதும் நிலை வந்தது. அந்நிலையில் எலும்பு கூடத் தொடங்கிற்று. கால் தப்பியது, ஆனால் மற்றதினும் குறுகிப் போயிற்று. அந்நாள் தொட்டு அவர் சிறிது சாய்ந்தே நடந்தார். இரு வண்டிகள் எதிர்ப்பட்டபோது ஒன்றேனும் தக்க காலத்தில் நின்றிருப்பின் அக்கால் ஊனப்பட்டிராது. விரைவின் விலை யாதென்பதை அவர் ஏட்டினின்று கற்றவரல்லர். தம் உடம்பினின்றே கற்றவர்.

அவ்விபத்திற்கு ஈடாகக் கிடைத்த பொருளைக் கொண்டு அவர் ஸிங்கர் என்னும் சிறு மோட்டார் வண்டியொன்றை 1913-இல் வாங்கினார். அப்பொருளைத் தளர்ந்திருந்த குடும்ப வாணிகத்தில் இடுமாறு தந்தையார் வேண்டினரென்றும், மகனார் இசையாமையின் இருவர்க்கும் இடையே உண்டான பிளவு இறுதிவரை ஆறவில்லையென்றும் கூறுவர். தாம் விரும்பிய தொழிலுக்கு அவர் கொடுத்த முதல் விலை அதுவாகும்.

தொழிற் பயிற்சி

அதன்பின் அவர் மோட்டார்த் தொழிலிலேயே புகுந்தார். ஷெப்பீல்டு நகரத்து வண்டி நிறுவனமொன்றிலும், முதல் உலகப்போர்க் காலத்தில் ஏ.ஸி., மார்ட்டின்ஸைடு என்னும் நிறுவனங்களிலும் பணியாற்றினார். 1915-இல் மணம் புரிந்துகொண்டார். போர் முடிந்தபின் பர்மிங்ஹாமிலிருந்த ரிக்ளி நிறுவனத்தில் அமர்ந்தார். அங்கே அவர் தொடர்பு கொண்டிருந்த வண்டித் திட்டமொன்று தோல்வியுற்றது. அவர்தம் பொருளும் அதனோடு போயிற்று. இங்ஙனம் ஊனமுற்ற காலும் வெறுங்கையுமாய் நின்ற அவர், 1921-இல் ஆக்ஸ்போர்டிலிருந்த மாரிஸ் கராஜஸில் விற்பனைத் தலைவராக வந்து சேர்ந்தார். அக்கடை, பின்னாளில் நப்பீல்டு பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் மாரிஸ் என்பவருடையது. மறு ஆண்டிலேயே அதன் மேலாளர் பதவி கிம்பருக்குக் கிட்டிற்று.

வண்டியைத் தாழ்த்தியமை

மாரிஸ் வண்டிகள் விலை குறைந்தனவும் உறுதியுள்ளனவும் ஆம். ஆனால் அவை உயர்ந்து நின்றன, வளைவுகளில் ஆடின, ஓட்டுவார்க்கு உவகை தருவனவல்ல. மாரிஸோ பல்லாயிரவர்க்குப் பொதுவான வண்டி செய்வதிலே கருத்தூன்றியிருந்தார். அதே வண்டியைச் சற்றுச் செப்பஞ்செய்து, அழகிய மேற்கூடு அமைத்து, விளையாட்டுள்ளம் படைத்த இளைஞர்க்கு விற்றால் என்னை எனக் கிம்பர் கருதினார். இக்கருத்தே எம்.ஜி.யின் வித்து.

அவர் முதலிற் கை வைத்தது எஞ்சினில் அன்று என்பது நோக்கத்தக்கது. வண்டியைத் தாங்கும் வில்தகடுகளை அவர் தட்டையாக்கினார். அதனால் வண்டி முழுதும் நிலத்தை நோக்கித் தாழ்ந்தது. உயர்ந்த பொருள் வளைவிற் சாய்வதும் தாழ்ந்த பொருள் நிலைத்து நிற்பதும் நாம் அறிந்தனவே. ஒரு பொருளின் எடையெல்லாம் ஓரிடத்தில் திரண்டிருப்பதாகக் கொள்ளும் நடுப்புள்ளி நிலத்திற்கு எத்துணை அணித்தாகின்றதோ, அத்துணை உறுதியாக அப்பொருள் வளைவைக் கடக்கும். பின்னர், திருப்பு சக்கரத்தைத் தாங்கும் தண்டை அவர் மேலும் சாய்த்து அமைத்தார். தாழ்ந்து அமர்ந்த ஓட்டியின் கைகளுக்கு அஃது இயல்பாக எட்டிற்று. செலவு சிறிது, பயன் பெரிது. 1923-இல் இலண்டனிலிருந்து லாண்ட்ஸ் எண்ட் என்னும் தென்மேற்கு முனை வரை நடந்த தேர்வோட்டத்தில், இங்ஙனம் செப்பஞ்செய்த வண்டியொன்றைத் தாமே ஓட்டிச் சென்று பொற்பதக்கம் பெற்றார்.

1925-இல் தமக்கென்று தனி வண்டியொன்றைக் கட்டுவித்தார். அதுவே முதலாம் எண் கிழவன் என்று அன்பர்கள் இன்றும் செல்லமாக அழைக்கும் வண்டி. உண்மையில் அதற்கு முன்னரே எம்.ஜி. வண்டிகள் பல விற்கப்பட்டிருந்தன. ஈஸ்டர்ப் பண்டிகையை ஒட்டி நடைபெற்ற தேர்வோட்டத்திற்கு முந்திய இரவிலே அதன் அடிச்சட்டத்தில் வெடிப்பொன்று காணப்பட்டது. அதைப் பொருத்திச் சரிசெய்த பின்னரே அவர் புறப்பட்டார். மீண்டும் பொற்பதக்கம் பெற்றார். ஓட்டம் முடிந்ததும் அதனை 300 பவுனுக்கு விற்றுவிட்டார். பின்னாளில் அது பழைய இரும்புக் குவியலிற் கிடக்கக் கண்டு நிறுவனத்தார் 15 பவுனுக்கு மீட்டனர். இன்று அது கேடன் என்னும் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார்க் காட்சிசாலையில் நிற்கின்றது.

மிட்ஜெட் பிறந்தமை

1928-இல் எம்.ஜி. கார் கம்பெனி தனி நிறுவனமாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் மாதத்து இலண்டன் மோட்டார்க் காட்சியில் மிட்ஜெட் என்னும் சிறு வண்டி வெளிப்படுத்தப்பட்டது. மாரிஸ் மைனர் என்னும் எளிய வண்டியின் அடிச்சட்டமே அதற்கும் அடி. 847 கன சென்டிமீட்டர் அளவுள்ள சிறு எஞ்சினே அதற்கும் உயிர். முன்போலவே வில்தகடுகளைத் தாழ்த்தித் திருப்புத் தண்டைச் சாய்த்து, மெல்லிய மரப்பலகையும் துணியும் கொண்டு படகின் வால் போன்ற மேற்கூடு அமைத்தார். விலை 175 பவுன். செல்வர்க்கே உரியதாயிருந்த விளையாட்டு வண்டி, கணக்கர்க்கும் ஆசிரியர்க்கும் எட்டுவதாயிற்று. இடம் போதாமையின், 1929-இல் நிறுவனம் ஆக்ஸ்போர்டுக்கு அண்மையிலுள்ள அபிங்டன் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்து, பழைய தோல் தொழிற்சாலைக் கட்டடமொன்றிற் குடியேறிற்று.

நிற்க. வண்டி நிற்பதைப் பற்றியும் ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். ஓடும் வண்டியின் ஆற்றல் அதன் வேகத்தோடு ஒரே அளவில் வளர்வதன்று. வேகம் இருமடங்காயின் ஆற்றல் நான்மடங்காகும். மணிக்கு 30 மைல் செல்லும் வண்டியை நிறுத்தற்கு வேண்டும் தொலைவைப் போல் நான்கு பங்கு தொலைவு, 60 மைல் செல்லும் வண்டியை நிறுத்தற்கு வேண்டும். அவ்வாற்றலையெல்லாம் சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்குள்ளே பிரேக் கட்டைகள் உராய்ந்து வெப்பமாக மாற்றியாக வேண்டும். டிரம் சிறிதாயின் அது விரைவில் கொதிப்பேறும், கட்டைகள் பிடியிழக்கும், மலையிறக்கத்திலே மிதியை எத்துணை அழுத்தினும் வண்டி கேளாது. ஆகவே எஞ்சினுக்கு ஒரு பங்கு வலிமை கூட்டுவோன், பிரேக்குக்கு அதனினும் மிக்க வலிமை கூட்டக் கடமைப்பட்டவனாகின்றான்.

அக்காலத்தில் சாலைகளிலும் வண்டிகளிலும் காப்பே முதல் என்று நினைவூட்டும் அறிவிப்புக்கள் வழங்கின. எம்.ஜி. நிறுவனத்தார் அத்தொடரில் ஒரு சொல்லை மாற்றி, காப்புடன் விரைவு என்னும் கருத்துப்படத் தமக்கு விருதுமொழி ஆக்கிக்கொண்டனர். அஃது வெறும் விளம்பரமா, மெய்யான கொள்கையா என்பதைப் பின்வந்த ஆண்டுகளே காட்டின.

பந்தயங்களிற் கற்ற பாடம்

1931 பிப்ரவரியில், பிரான்சு நாட்டு மாந்த்லேரி வட்டத்திலே, ஜார்ஜ் ஐஸ்டன் என்னும் வீரர் சிறப்பாக அமைத்த எம்.ஜி. வண்டியில் மணிக்கு 100 மைலைக் கடந்தார். 750 கன சென்டிமீட்டர்க்கு உட்பட்ட எஞ்சினைக் கொண்டு அவ்வேகத்தை எய்திய முதல் வண்டி அதுவே. அவ்வண்டிக்கெனப் புதிய அடிச்சட்டம் வகுக்கப்பட்டது. பழைய சட்டம் பின்னச்சின் மேலாகச் சென்றது. புதியதோ பின்னச்சின் கீழாகச் சென்றது. அதனால் வண்டி முன்னினும் மிகத் தாழ்ந்தது. வில்தகட்டின் பின்முனையை ஊசலாடும் வளையத்தில் தொங்கவிடாது, சறுக்கிச் செல்லும் வெண்கலத் தாங்கியில் அமைத்தனர். அதனால் அச்சு பக்கவாட்டில் அசையாது நின்றது. திருப்பு சக்கரத்தைச் சிறிதே அசைப்பினும் வண்டி தவறாது கீழ்ப்படிந்தது. இவ்வமைப்புக்களை வகுத்தவர் ஹெச். என். சார்லஸ் என்னும் அறிஞர். அவர் போன்றாரைத் தேர்ந்து தம்பாற் சேர்த்துக்கொண்டமை கிம்பரின் பெருந்திறமையாகும். அவ்வாண்டே அச்சட்டங்கொண்ட சிறு வண்டிகள் புரூக்லண்ட்ஸிலும் அயர்லாந்திலும் பெரும்பந்தயங்களை வென்றன.

பந்தயத்தில் மெய்ப்பிக்கப்பட்ட சட்டத்தையே, 1932-இல் வெளிவந்த ஜே-2 என்னும் விற்பனை வண்டியிலும் அமைத்தனர். ஆயின் ஈண்டு ஒரு பிழை புகுந்தது. வண்டி முன்னைய மிட்ஜெட்டினும் மிக விரைந்தோடிற்று. பிரேக் டிரம்மோ பழைய 8 அங்குல அளவினதே. எஞ்சினின் சுழல்தண்டும் இரண்டே தாங்கிகளின்மேல் நின்றது. இளைஞர் அதனை ஓட்டிய ஓட்டத்திற்கு இரண்டும் போதாவாயின. இக்குறையை அறிந்த நிறுவனத்தார், 1934-இல் வந்த பி வகை வண்டியில் டிரம்மை 12 அங்குலமாக்கினர். சுழல்தண்டிற்கு மூன்றாவது தாங்கியும் ஈந்தனர். எஞ்சினின் அளவு கூடவில்லை. நிறுத்தும் வலிமையும் உறுதியுமே கூடின. விருதுமொழி மெய்யாதல் இத்தகைய மாற்றங்களினாலன்றி வேறெதனால்?

கே-3 என்னும் பந்தய வண்டியின் வரலாறும் இத்தகையதே. இத்தாலி தேசத்தில் பிரெஷியாவிலிருந்து உரோமாபுரி சென்று மீளும் 1000 மைல் பந்தயத்திற்கென அது வகுக்கப்பட்டது. அதன் எஞ்சின் 1087 கன சென்டிமீட்டர். டிரம்களோ 13 அங்குலம். 1933 ஜனவரியிலேயே முன்மாதிரி வண்டியொன்றை இத்தாலிக்கு அனுப்பி, அப்பந்தயச் சாலைகளிலேயே ஓட்டிக் குறைகளைக் குறித்துவரச் செய்தனர். வழியிலே புகழ்பெற்ற எத்தோரே புகாத்தி அவ்வண்டியைக் கண்டு, முன்னச்சு வலிமை போதாதென்று எடுத்துக் காட்டினரென்றும், உடனே அதனை மாற்றினரென்றும் கூறுவர். போட்டியாளர் சொல்லாயினும் மெய்யாயிற் கொள்ளுதல் அறிவுடைமையன்றோ! ஏப்ரலில் நடந்த பந்தயத்தில் ஐஸ்டனும் லூரானி பிரபுவும் தம் வகுப்பில் முதலிடம் பெற்றனர். குழுவிற்குரிய பரிசும் எம்.ஜி.க்கே கிட்டிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் வட அயர்லாந்தின் ஆர்ட்ஸ் வட்டத்திலே, இத்தாலியப் பெருவீரர் நுவோலாரி கே-3 ஒன்றை ஓட்டி டூரிஸ்ட் டிராபி பந்தயத்தை வென்றார்.

விரைவு முந்தியபோது

இவ்வெற்றிகளுக்கிடையே 1934 மே மாதத்தில் துயரமொன்றும் நிகழ்ந்தது. மான் தீவிலே பந்தயப் பயிற்சி முடிந்தபின், கே டான் என்னும் பேர்பெற்ற வீரர், எம்.ஜி. பந்தய வண்டியொன்றை இரவு வேளையிலே பொதுச் சாலையில் விரைந்தோட்டிச் சென்றார். அருகே நிறுவனத்தின் இயந்திரத் தொழிலாளர் பிராங்க் டெய்லர் அமர்ந்திருந்தார். எதிரே வந்த வண்டியுடன் மோதியதில் டெய்லர் உயிர் துறந்தார். கே டான் நீதிமன்றத்திற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு நான்கு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். பந்தய வண்டியும் பந்தய வேகமும் பந்தய வட்டத்திற்கே உரியன. பொதுச் சாலையில் அவை கூற்றுவனாகும். எத்துணை நல்ல பிரேக்கும் ஓட்டுவானுடைய உள்ளத்தின் பிரேக்கு இல்லாவிடத்துப் பயன்படாதென்பதை அந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

1935-இல் சார்லஸ் ஆர் வகை என்னும் வியத்தகு பந்தய வண்டியை வகுத்தார். இரட்டைக் கிளையாகப் பிரியும் முதுகெலும்பு போன்ற அடிச்சட்டமும், நான்கு சக்கரங்களும் தனித்தனியே மேலுங்கீழும் அசையும் அமைப்பும் அதன் சிறப்பு. மேடுபள்ளங்களில் அது மிதந்து சென்றது. ஆனால் வளைவுகளிலே உடல் பெரிதும் சாய்ந்தது, அதனோடு சக்கரங்களும் சாய்ந்தன, ஓட்டுவோர் அஞ்சினர். இதுகாறும் ஒவ்வொன்றாக மாற்றிச் சென்ற நிறுவனம், ஈண்டு எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றிற்று. குறையைத் திருத்தக் காலம் வேண்டியிருந்தது, அக்காலமோ வாய்க்கவில்லை. அவ்வாண்டு ஜூலையில், எம்.ஜி.யைத் தம் சொந்த உடைமையினின்று மாரிஸ் மோட்டார்ஸ் நிறுவனத்திற்கு நப்பீல்டு பிரபு மாற்றிவிட்டார். புதிய தலைவர்கள் பந்தயப் பகுதியையும் வரைபடப் பகுதியையும் மூடினர். கட்டப்பட்ட ஆர் வகை வண்டிகள் பத்தே.

கிம்பரின் கையிலிருந்த அதிகாரம் பெரிதும் குறைந்தது. ஆயினும் அவர் சினந்து விலகினாரல்லர். 1936-இல் டீ-ஏ என்னும் புது மிட்ஜெட் வந்தது. அதுவரை எம்.ஜி.யின் சிறு வண்டிகளிற் பிரேக்குகளை இயக்கியவை எஃகுக் கம்பிவடங்கள். வடங்கள் நீளும், ஒவ்வொரு சக்கரத்திற்கும் ஒப்ப இழுக்குமாறு அடிக்கடி முறுக்கித் திருத்த வேண்டும், ஒன்று தளர்ந்தால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். புதிய வண்டியிலோ மூடிய குழாய்களில் அடைத்த திரவம் அழுத்தத்தைக் கடத்திற்று. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்துத் தோன்றும் அழுத்தம் எங்கும் ஒப்பப் பரவும் என்பது பௌதிக நூலின் பாடம். ஆகவே நான்கு சக்கரங்களும் ஒப்பப் பற்றப்பட்டன. ஒரு குழாய் ஒழுகினால் அனைத்தும் போமே எனப் பழைய அன்பர்கள் முகஞ்சுளித்தனர். கிம்பரும் நெடுநாள் ஐயுற்றிருந்தனர் என்பர். ஆயினும் பழகிய பின்னர் அதுவே மேலென யாவரும் உடன்பட்டனர்.

இறுதிக் காலம்

1938-இல் அவர் மனைவியார் நோயுற்று மறைந்தார். பின்னர் அவர் மறுமணம் செய்துகொண்டார். 1939-இல் இரண்டாம் உலகப்போர் மூண்டதும் விளையாட்டு வண்டிக்கு வேலையில்லாது போயிற்று. அபிங்டன் தொழிலாளர் வேலையின்றி நிற்றலைப் பொறாத கிம்பர், ஆல்பமார்ல் என்னும் போர் விமானத்தின் முற்பகுதியைக் கட்டும் பணியைத் தாமே முயன்று பெற்றார். மேலிடத்து இசைவின்றி அதனை ஏற்றாரென்று குறை கூறப்பட்டது. 1941 நவம்பரில் அவரைப் பதவி விலகுமாறு பணித்தனர். இருபது ஆண்டுகள் தாம் வளர்த்த நிறுவனத்தினின்று, ஐம்பத்து மூன்றாம் வயதில், அவர் வெறுங்கையராய் வெளியேறினார். பின்னர் மேற்கூடு கட்டும் நிறுவனமொன்றிலும், எஞ்சினின் உறுப்பாகிய பிஸ்டன் செய்யும் நிறுவனமொன்றிலும் பணி செய்தார்.

1945 பிப்ரவரி 4-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணிக்கு, இலண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தினின்று வடக்கே புறப்பட்ட புகைவண்டியில் அவர் ஏறினார். நிலையத்தை விட்டதும் பாதை சுரங்கத்துட் புகுந்து மேல்நோக்கி ஏறும். அங்கே அண்மையிற் புதிதாக இடப்பட்டிருந்த தண்டவாளத்தின்மேல் எஞ்சினின் சக்கரங்கள் பிடியின்றிச் சுழன்றன. நீண்ட வண்டி முதலில் நின்றது. பின்னர் மெல்லப் பின்னோக்கி உருளலாயிற்று. சுரங்கத்தின் இருளிலும் புகையிலும் ஓட்டுநர் அதனை உணரவில்லை. கைகாட்டிக் கூண்டிலிருந்தவர் வண்டியை வேறு பாதைக்குத் திருப்ப முயன்றார். ஆயின் கடைசிப் பெட்டி அதற்குள் அவ்விடத்தை அடைந்துவிட்டது. அது தடம் புரண்டு கைகாட்டி தாங்கிய இரும்புச் சட்டத்தில் மோதிற்று. இருவர் மாண்டனர். அவருள் ஒருவர் கிம்பர்.

பிடியும் தடையுமே தம் தொழிலாகக் கொண்டு, பல்லாயிரவர் இன்னுயிரைக் காத்த ஒருவர், சக்கரம் பிடியிழந்து, தடை உரிய நேரத்தில் இடப்படாத ஒரு வண்டியிலே உயிர் நீத்தார். அதனை எண்ணுந்தோறும் நெஞ்சம் உருகுகின்றது.

அவர்க்குப் பின்

போர் முடிந்ததும் அபிங்டன் மீண்டும் விளையாட்டு வண்டிகள் கட்டலாயிற்று. கிம்பர் வகுத்த முறையே தொடர்ந்தது. டீ வகை வண்டியின் முன்சக்கரங்கள் தனித்தனியே அசையும் அமைப்பைப் பெற்றன; திருப்பு சக்கரத்திற்குப் பல்தண்டும் பற்சக்கரமும் கொண்ட செவ்விய அமைப்பு வந்தது. 1955-இல் எம்.ஜி.ஏ. என்னும் வண்டி தோன்றிற்று. சில ஆண்டுகளில் அதன் முன்சக்கரங்களுக்கு டிரம்முக்கு மாற்றாக வட்டத்தகட்டுப் பிரேக்குகள் அமைந்தன. 1962-இல் தோன்றிய எம்.ஜி.பி.யும் அவற்றைக் கொண்டே வந்தது. காற்றுப்படும் வெளியிலே சுழலும் தகடு டிரம்மைப் போல் வெப்பத்தை அடக்கி வையாது. ஆதலின் எளிதிற் பிடியிழவாது. 1980-இல் அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. வண்டிகள் மட்டும் மூடப்படவில்லை. பல்லாயிரம் வண்டிகள் இன்றும் அன்பர்களாற் பேணப்பட்டு ஓடுகின்றன.

அப்பழைய வண்டியொன்றை வாங்குவார் இன்று மேற்கொள்ளும் நெறியும் கிம்பரின் நெறியே. அறிவுடையார் வாங்கியவுடன் எஞ்சினுக்கு வலிமை கூட்டார். முதற்கண், உள்ள உறுப்புக்களைப் பழுதறச் செய்வர்: முதிர்ந்து வெடித்த டயர்களையும், உள்ளே நைந்த பிரேக் இரப்பர்க் குழாய்களையும் மாற்றுவர், நீர் உண்டு கெட்ட பிரேக் திரவத்தை வடித்துப் புதியது வார்ப்பர், தேய்ந்த கட்டைகளையும் ஆட்டங்கண்ட திருப்பு மூட்டுக்களையும் களைவர். பெரும்பாலும் இவ்வளவிலேயே வண்டி புத்துயிர் பெறும். அதன்பின் அதிர்வு தாங்கிகளையும் வில்தகடுகளையும் செப்பஞ்செய்வர். இவ்வளவும் முடிந்தும் குறை தோன்றினாலன்றிப் பெரிய பிரேக்குகளை நாடார். ஒவ்வொரு மாற்றத்தின் பின்னரும் சில நூறு மைல் ஓட்டிப் பார்த்தே அடுத்ததிற் கை வைப்பர். பலவற்றை ஒருங்கே மாற்றினால், நன்மை எதனால் வந்தது, தீமை எதனால் வந்தது என்று அறிதல் அரிது. ஆர் வகை வண்டி கற்பித்த பாடமும் அதுவேயன்றோ?

முடிவுரை

கிம்பர் குறையற்றவரல்லர். வண்டியின் விரைவு பிரேக்கை முந்தியதும் அவர் காலத்தே நிகழ்ந்தது. மேலோரை வினவாது செயலாற்றியமையால் அவர் பதவியையும் இழந்தார். ஆயினும் குறை கண்டவிடத்து அதனை மறையாது, அடுத்த ஆண்டின் வண்டியிலே திருத்திக் காட்டியமை அவர் பெருமை.

கல்லூரி வாழ்வு முடித்து வெளியேறும் நம்மனோர்க்கு முன்னே நெடுஞ்சாலையொன்று விரிந்து கிடக்கின்றது. நம் எஞ்சின்களோ இளமையால் வலியன. யாவரும் விரைந்து செல்லவே விரும்புகின்றோம், அவ்விருப்பம் குற்றமன்று. ஆனால் புறப்படுமுன் ஒன்றை வினவிக்கொள்ளல் நன்று: நாம் வேண்டும்போது திரும்பவும், வேண்டும்போது நிற்கவும் வல்லமோ? அவ்வன்மையை ஒரே இரவிற் பெறுதல் இயலாது. ஒவ்வொரு குறையாகக் கண்டு, ஒவ்வொன்றாகக் களைந்து, பொறுமையோடு பெறுதல் வேண்டும். அதனைப் பெற்றவர்க்கு விரைவு தானே வந்து சேரும். குறுகிய காலோடு சாய்ந்து நடந்த ஸெஸில் கிம்பர், பல்லாயிரம் இளைஞரைச் சாயாது விரையச் செய்த வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவேயாகும்.